பல ஊர்க் கைகள், ஒரே பிரதி: மலர் வேலைக்கு வாசகர் கேள்வி-பதில்

கோயில் கொடை விழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர், குடும்ப வரலாறு, ஆய்வேடு என்று இந்த முறை வந்த கடிதங்கள் பலவகை. எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றுதான். எழுதுகிறவர் ஓர் ஊரில், திருத்துகிறவர் ஓர் ஊரில், பக்கம் போடுகிறவர் வேறோர் ஊரில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

அண்ணாச்சி, எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு 96 பக்கத்தில் மலர் போடுகிறோம். எழுதுகிற ஆட்கள் மும்பை, சென்னை, துபாய் என்று இருக்கிறார்கள். வேர்டு கோப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிச் சுற்றி வந்து, 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று இப்போது ஏழு கோப்பு ஆகிவிட்டது. எதில் எது திருந்தியிருக்கிறது என்று தெரியவில்லை. என்ன செய்ய?
விழாக் குழு, வள்ளியூர் அருகே

முதலில், இனி யாரும் குழுவில் கோப்பு போடக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு ஏழையும் ஒன்றாக்க வேண்டும். ஆகப் பிந்தையது எது என்று தோன்றுகிறதோ அதை அடிப்படையாக வைத்து, வேர்டில் 'ரிவ்யூ' பகுதியில் உள்ள 'கம்பேர்' வழியாக மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறுபடும் இடமெல்லாம் நிறம் காட்டி நிற்கும். ஒரே ஆள் உட்கார்ந்து, வேண்டியதை எடுத்து மற்றதைத் தள்ளுங்கள். பொறுமை கேட்கிற வேலைதான். ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

அதன்பின் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை திறந்து, கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் போடுங்கள். 96 பக்கத்தையும் ஒரே கோப்பில் வைத்தால் சாதாரணக் கைப்பேசியில் திறக்கவே திணறும், யாருக்கு எந்த உரிமை என்றும் பிரிக்க முடியாது. ஏற்றிய வேர்டு கோப்பை அப்படியே திருத்தாமல், 'ஃபைல்' பட்டியலில் 'சேவ் ஆஸ் கூகுள் டாக்ஸ்' கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் பழைய வேர்டு கோப்பை வேறு கோப்புறைக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாராவது தவறானதைத் திறப்பார்கள்.

உரிமையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று விட்டால், குழுவில் இருக்கிற ஒருவர் பேருந்தில் போகும்போது தெரியாமல் விரல் பட்டு ஒரு பத்தியே போய்விடும். எழுதியவருக்குக் 'கமெண்டர்' உரிமை போதும். அவர் செய்கிற மாற்றம் நேரே பிரதியில் ஏறாமல் பரிந்துரையாக நிற்கும். 'எடிட்டர்' உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். அந்த இருவரும் 'எடிட்டிங்' முறையை விட்டு 'சஜஸ்டிங்' முறையிலேயே வேலை செய்வது நல்லது. கைப்பேசிச் செயலியிலும் மூன்று புள்ளிப் பட்டியலில் அந்த வசதி உண்டு. பரிந்துரைகளை ஏற்பது அந்த இருவரில் ஒருவர் மட்டும். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் இரண்டு பேர் தீர்ப்புச் சொன்னால் ஒரே பக்கத்தில் இரண்டு வழக்கு வரும்.

ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் அந்த நிலைக்குப் பெயர் வையுங்கள்: 'ஆசிரியர் தந்தது', 'முதல் திருத்தம்', 'பூட்டு'. பெயர் வைக்காத பழைய நிலைகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடலாம். வைத்த பெயர்தான் திரும்பிப் போக நம்பகமான வழி.

கூடவே ஒரு ஷீட் வேண்டும். வரிசை எண், தலைப்பு, எழுதியவர், இப்போது யார் கையில், எந்தக் கட்டம் என்று ஐந்து பத்தி போதும். கடைசி நாளை எழுதும்போது 'இந்திய நேரம் இரவு 9 மணி' என்று மணியோடு எழுதுங்கள். அது துபாயில் இரவு 7.30, சிங்கப்பூரில் 11.30.

'பூட்டு' என்று மேலே சொன்னதுதான் இந்த ஏற்பாட்டுக்கு அச்சாணி. எழுத்துத் திருத்தம் பல கையில் நடக்கலாம். பக்கம் போடுவது ஒரே கையில்தான் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் குறித்து, அன்றைக்கு எல்லாருடைய உரிமையையும் 'வியூவர்' ஆக்கிவிடுங்கள். பூட்டுவதற்கு முன் நிலுவையில் இருக்கிற பரிந்துரைகளை எல்லாம் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். விட்டுவிட்டு வேர்டு கோப்பாக இறக்கினால், அவை மாற்றக் குறிகளாகக் கூடவே வரும். பழைய சொல்லும் புதிய சொல்லும் சேர்ந்தே பக்கத்தில் ஏறிய மலர்கள் உண்டு.

கொடைக்கு வரி கொடுத்தவர் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு இந்தக் கோப்புறையில் வைக்காதீர்கள். பெயரும் தொகையும் மட்டும் உள்ள படி ஒன்றை எடுத்து இங்கே போடுங்கள்.

ஒருவர் தமிழ்99, ஒருவர் பாமினி விசைப்பலகை, ஒருவர் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறார். எல்லாரும் ஒரே விசைப்பலகைக்கு மாற வேண்டுமா?
நாங்குநேரி

வேண்டாம். விரல் எப்படிப் போகிறது என்பது அவரவர் பழக்கம். திரையில் விழுவது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடாக இருந்தால் போதும். மென்பொருளில் விசைப்பலகை வேறு, எழுத்துக் குறியீடு வேறு என்று இரண்டு தெரிவு இருக்கும். பாமினி விசைப்பலகையில் யுனிகோடு அடிக்கலாம், தவறே இல்லை. குரல்வழித் தட்டச்சு செய்கிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: நிறுத்தக்குறி பெரும்பாலும் வராது, சொல் பிரிவதும் தாறுமாறாக இருக்கும். அனுப்பும் முன் அவர்களே ஒரு முறை வாசித்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 20 வருடம் முன்பு அடித்து வைத்த கட்டுரைகளைக் குறுவட்டில் தந்தார். டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. அவரை மறுபடி அடிக்கச் சொல்ல மனமில்லை.
வாசகி, அம்பாசமுத்திரம்

அடிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இருக்கிற வரை தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். டாம், டாப், டிஸ்கி, வானவில், பாமினி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கணக்கு. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடையும், தமிழுக்கென்றே அமைந்த டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்த பிறகுதான் அலுவலகங்களிலேயே இந்தக் குழப்பம் குறையத் தொடங்கியது.

கோப்பை வேர்டில் திறந்து எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் அப்படியே நிற்கும். அந்தப் பெயருக்கு உரிய குறியீட்டைத் தேர்ந்து, யுனிகோடு மாற்றி ஒன்றில் முதலில் ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பாருங்கள். பாதி சரியாகவும் பாதி கோணலாகவும் வந்தால் குறியீட்டுத் தேர்வு தவறு. வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகுதான் கண் வேண்டும். மாற்றி எழுத்துருவைப் பார்க்காது, குறியை மட்டும் பார்க்கும். ஆகவே நடுவில் ஆங்கிலத்தில் இருந்த பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் சேர்ந்தே தமிழ் எழுத்துக் கூளமாகிவிடும். பாமினியில் அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி என்பதால், ஆங்கிலப் பகுதியில் வந்த அரைப்புள்ளியும் புள்ளியாக மாறி எங்காவது தொங்கும். ஆசிரியரிடம் பழைய அச்சுப்படி இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த இடங்களைக் கையால் சரிசெய்வதுதான் விரைவு.

அடுத்தது ஔகாரம். 'ஔவை' என்பது 'ஒ' போட்டு 'ள' போட்டதாகவும், 'கௌரவம்' என்பது 'கெ' போட்டு 'ள' போட்டதாகவும் இருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இதை 'ரீப்ளேஸ் ஆல்' போட்டுத் திருத்த முற்படாதீர்கள். 'தெளிவு', 'வெள்ளம்', தாமிரபரணிக் கெளுத்தி என்று முறையாகவே 'ெ', 'ள' சேர்ந்து வருகிற சொற்கள் ஏராளம், அத்தனையும் உடையும். ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி மாற்றுங்கள்.

'ஸ்ரீவைகுண்டம்' என்று தேடினால் கோப்பில் பாதி இடத்தைத்தான் காட்டுகிறது. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரிகிறது, தேடலுக்குத் தெரியவில்லை. கணினிக் கோளாறா?
பள்ளி மலர்க் குழு, செய்துங்கநல்லூர்

கணினி சரியாகத்தான் இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற ஒரே வடிவத்துக்கு யுனிகோடில் இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு. ஒன்று 'ஸ்' போட்டு 'ரீ'. இன்னொன்று 'ஶ்' போட்டு 'ரீ'. இந்த 'ஶ' 2005இல்தான் யுனிகோடில் சேர்ந்தது. நல்ல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடும், ஆகவே கண் ஏமாறும். விசைப்பலகைக்கு விசைப்பலகை எது வரும் என்பது மாறும். உங்களில் இருவர் இருவேறு பலகையில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

திருத்தக் குறியீட்டு எண் எதுவும் தெரிய வேண்டாம். தேடலில் சிக்காத ஒரு 'ஸ்ரீ'யைப் பிரதியிலிருந்தே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். நீங்கள் அடிக்கிற 'ஸ்ரீ'யை மாற்றும் பெட்டியில் போடுங்கள். கண்ட்ரோல்-எச் அழுத்தினால் வருகிற அந்தப் பெட்டியில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றலாம், ஆபத்தில்லை. எந்தக் கூட்டைத் தேர்ந்தாலும் மலர் முழுக்க ஒன்றாக இருந்தால் சரி. பொருளடக்கத்தையோ பெயர் அகராதியையோ அகர வரிசைப்படுத்தும்போது இது இல்லாவிட்டால் ஸ்ரீவைகுண்டம் இரண்டு இடத்தில் வரும்.

இதே சாதியில் இன்னும் சில உண்டு. தமிழ் எண் ௭ 'எ' போலவும், ௧ 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௮ 'அ' போலவும் இருக்கும். கல்வெட்டுக் கட்டுரையிலிருந்து ஒட்டிய பகுதிகளில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எண் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, மேலே சொன்ன மாதிரி அந்த நான்கு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தேடிவிடுங்கள்.

முகவரிகளில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்பதைத் 'தென்காசி மாவட்டம்' என்று ஒரே அடியாக மாற்றினோம். இப்போது 1950களின் வரலாற்றுக் கட்டுரையிலும் தென்காசி மாவட்டம் வந்துவிட்டது. ஏற்கெனவே மற்ற திருத்தங்களும் மேலே செய்தாகிவிட்டது.
கடையம்

பழைய நிலைக்கு மொத்தமாகத் திரும்பினால் பிறகு செய்த திருத்தங்களும் போகும். அதனால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் மாற்றத்துக்கு முந்தைய நிலையைத் திறந்து, 'மேக் எ காப்பி' கொடுத்துத் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் இப்போதைய கோப்பையும் ஒப்பிட்டு, 'தென்காசி மாவட்டம்' வரும் இடங்களை மட்டும் பாருங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முந்தைய செய்தி எதுவானாலும் திருநெல்வேலி என்றுதான் நிற்க வேண்டும். தூத்துக்குடி பிரிந்தது 1986 அக்டோபர். திருச்செந்தூர், கோவில்பட்டி பற்றிய பழைய குறிப்புகளுக்கும் இதே கணக்கு.

தமிழில் 'ரீப்ளேஸ் ஆல்' எப்போதுமே கத்தி மேல் நடப்பதுதான், ஏனென்றால் சொல் ஒட்டிக்கொண்டே போகும். 'பாளை' என்பதைப் 'பாளையங்கோட்டை' என்று விரித்தால், முன்பே சரியாக இருந்த பாளையங்கோட்டை எல்லாம் 'பாளையங்கோட்டையங்கோட்டை' ஆகும். கவிதையில் இருந்த தென்னம்பாளை 'தென்னம்பாளையங்கோட்டை' ஆகும். ஒவ்வொன்றாக 'நெக்ஸ்ட்' அழுத்திப் பார்த்து மாற்றுவதற்கு ஆகும் நேரம், கெட்டதைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இராது.

இன்னொரு யோசனை. திருத்தம் தொடங்கும் முன்பே ஒரு பக்கச் சொற்பட்டியல் போட்டு எல்லாருக்கும் கொடுங்கள். தாமிரபரணியா தாமிரவருணியா, கோயிலா கோவிலா, சங்கரன்கோவில் எப்படி, ஆழ்வார்குறிச்சியில் ஒற்று உண்டா, தேதி எந்த முறையில் என்று முப்பது வரி வந்தால் போதும். மேற்கோளுக்குள்ளும் ஆட்பெயரிலும் மட்டும் கை வைக்கக் கூடாது.

1950களில் வந்த பழைய மலரிலிருந்து ஆறு கட்டுரைகளை மறுபடி வெளியிட ஆசை. தட்டச்சு செய்ய ஆள் இல்லை.
ஆழ்வார்குறிச்சி

பக்கங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோணல் இல்லாமல் நேராக்கி, டிரைவில் ஏற்றுங்கள். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் மேலே படமும் கீழே எழுத்தும் வரும். இரண்டு பத்தியாக அச்சான பக்கமென்றால் பத்தி பத்தியாக வெட்டி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் கோத்துக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் பழைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் கருவி தடுமாறும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறுவதும் வாடிக்கை.

அதனால் ஆள் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இணைய நூலகமான விக்கிமூலத்தின் முறை நல்ல முறை. பக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்துவார்கள். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. உங்கள் ஷீட்டில் இதே மூன்று நிறத்தை வைத்துக்கொண்டால், ஆறு கட்டுரையை நாலு ஊரில் இருக்கிற எட்டுப் பேர் பிரித்துக்கொள்ளலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் இருக்கிற தன்னார்வலர்களின் கையால்தான் அத்தனை இலக்கியங்களையும் இணையத்தில் ஏற்றியது. ஆறு கட்டுரை பெரிதில்லை, துணிந்து தொடங்குங்கள். காப்புரிமையை மட்டும் ஆசிரியரின் குடும்பத்தாரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்ஸில் அழகாக இருக்கிற தமிழ், பக்கம் போடும்போது உடைகிறது. 'கொ' என்றால் கொம்பு பின்னால் போய், புள்ளி வட்டம் வருகிறது. எங்கே தவறு?
டிடிபி நிலையம், பாளையங்கோட்டை

எந்த மென்பொருள் என்று நீங்கள் எழுதவில்லை. பேஜ்மேக்கர் என்றால் வழியே இல்லை. அதன் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001இல். யுனிகோடு அதற்குத் தெரியாது. பழகிய கைக்கு விடுவது கஷ்டம்தான், ஆனால் அதற்காக யுனிகோடு பிரதியை மறுபடி பழைய குறியீட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு முறை மாற்ற வேண்டிவரும், பிழையும் இரட்டிக்கும்.

இன்டிசைன் என்றால் வழி எளிது. பத்தி அமைப்புப் பட்டியலில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கம்போசரில் கொம்பும் துணைக்காலும் சேரத் தெரியாது. ஒவ்வொரு பத்திக்கும் போடுவதைவிட, பாராகிராஃப் ஸ்டைலில் 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியில் ஒரு தடவை வைத்துவிட்டால் மலர் முழுக்க ஏறும். காசு செலவில்லாத வழி வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 தமிழை ஒழுங்காகச் சேர்க்கிறது, அச்சகம் கேட்கிற சிஎம்ஒய்கே (நான்கு மை நிறமுறை) பிடிஎஃபும் தரும். 1.4 பதிப்பு வைத்திருந்தால் அதில் தமிழ் உடையும், புதியதை இறக்குங்கள்.

டாக்ஸிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டாதீர்கள். தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2', உடலுக்கு 'நார்மல்' என்று டாக்ஸிலேயே ஸ்டைல் போட்டு, வேர்டு கோப்பாக இறக்கி, இன்டிசைனில் 'பிளேஸ்' செய்யுங்கள். இறக்கும்போது அந்த ஸ்டைல்களை உங்கள் ஸ்டைலோடு பொருத்தச் சொல்லும். வெறுமே தடித்த எழுத்தில் பெரிதாக்கி வைத்த தலைப்பை எந்த மென்பொருளும் தலைப்பு என்று அறியாது. 40 கட்டுரையிலும் கையால் தேடிப் போட வேண்டியதாகிவிடும். படங்களை டாக்ஸில் ஒட்ட வேண்டாம், 'படம் 07 இங்கே' என்று ஒரு வரி போதும்.

அளவுகள்: டெம்மி 1/8 என்றால் பக்கம் 5.5 அங்குலத்துக்கு 8.5. உடல் எழுத்து 11 புள்ளி, வரி இடைவெளி 15 அல்லது 16. ஆங்கிலத்துக்குப் போதுமான 13ஐ வைத்தால், மேல் வரியின் 'கூ', 'ழு' வால்களும் கீழ் வரியின் 'கி', 'டீ' கொக்கிகளும் மோதிக்கொள்ளும். எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டுகிற 'லெட்டர் ஸ்பேசிங்'ஐ மூன்று கட்டத்திலும் 0 என்றே வையுங்கள். கூட்டினால் துணைக்கால் எழுத்தை விட்டு விலகி நிற்கும். ஏ4 மலரில் மூன்று பத்தியாகப் போட்டு இருபுறமும் நேராக்கினால், தமிழின் நீண்ட சொற்களால் வரிகளுக்குள் வெள்ளைப் பள்ளம் விழும். இரண்டு பத்தி போடுங்கள், அல்லது இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடுகிற ஓரம்.

டாக்ஸிலிருந்து நேரே பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்குத் தருவதைத் தயவுசெய்து தவிருங்கள். அதில் நிறம் திரைக்கான ஆர்ஜிபி. அச்சுக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மையின் கலவையாகி, நான்கு தகடும் மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். உடல் எழுத்து 100 சதவீதம் கறுப்பு மை மட்டும்தான்.

எழுத்துரு பற்றியும் ஒன்று. லதாவில் அமைத்த வேர்டு கோப்பு உங்கள் கணினியில் திறக்கும்போது பக்கம் கூடிக் குறைகிறதென்றால், விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை, நிர்மலா அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறது என்பதே காரணம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றை முடிவுசெய்து, எழுத்துருக் கோப்பையும் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள். வேர்டில் தமிழ் அளவு மாற மறுத்தால், எழுத்துருப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பகுதியில் மாற்ற வேண்டும். மேலே உள்ளது ஆங்கிலத்துக்கு.

ஆய்வேட்டை, லேடெக் என்ற பக்க அமைப்பு மொழியில் எழுதும் இணையதளமான ஓவர்லீஃபில் எழுதுகிறேன். நெறியாளர் வேறு ஊர். தமிழ் மேற்கோள்கள் அச்சில் காணாமல் போகின்றன. சில நாள் காலையில் திறந்தால் கோப்பே தொகுக்க மறுக்கிறது.
முனைவர் பட்ட மாணவி, திருநெல்வேலி

முதல் சிக்கலுக்கு: அமைப்புகளில் 'கம்பைலர்' பிடிஎஃப்-லேடெக் என்று இருக்கும். அதை ஸீலேடெக் ஆக்குங்கள். ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, தமிழ் எழுத்துருக் கோப்பைத் திட்டத்துக்குள்ளேயே ஏற்றி, எழுத்துருவை அழைக்கும் வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் எழுத்து வரும், சேராது. லுவாலேடெக் விரும்பினால் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் சேர்க்க வேண்டும். பாலிகிளாசியா தொகுப்பில் தமிழை மொழியாக அறிவித்தால், லேடெக்கில் தமிழுக்கு இருக்கிற சொல் பிரிப்பு விதிகளும் வேலை செய்யும். நீண்ட சொல் ஓரத்தைத் தாண்டாது.

இரண்டாவது சிக்கல் கூட்டு வேலைக்கே உரியது. ஒருவர் ஒரு வளைவு அடைப்பைத் திறந்து மூடாமல் போனால் எல்லாருக்கும் தொகுப்பு நிற்கும். இயலுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து முதன்மைக் கோப்பிலிருந்து அழையுங்கள். நின்றால், இயல்களை அழைக்கும் வரிகளுக்கு முன் சதவீதக் குறி போட்டு ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தால் எந்த இயலில் கோளாறு என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். பெரிய படங்களால் நேரம் முடிந்து நிற்கிறதென்றால், எழுதும் காலத்தில் படமில்லாத 'டிராஃப்ட்' முறையில் தொகுக்கலாம். இலவசக் கணக்கில் தொகுப்பு நேரத்துக்கும் உடன் திருத்துவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நெறியாளர் லேடெக் பழகாதவரென்றால் அவருக்குப் பிடிஎஃப் கொடுத்து அதில் குறிப்பு வாங்குவதே இருவருக்கும் நிம்மதி.

படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அச்சில் மங்குகின்றன.
மேலப்பாளையம்

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். வழக்கமான தரத்தில் நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளி. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்பதால் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. முழுப் பக்க ஏ4 படத்துக்கு அது பாதிதான். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் நேரே ஏற்றச் சொல்லுங்கள்.

பக்கம் போட்டு முடித்த பிடிஎஃபைக் குழுவில் போட்டால், ஒருவர் குரல் பதிவு, ஒருவர் கைப்பேசிப் படத்தில் வட்டம், ஒருவர் 'அந்த மூணாவது பத்தியில' என்று எழுதுகிறார். திருத்தி மாளவில்லை.
சங்கரன்கோவில்

பிடிஎஃபை டிரைவில் வைத்து, பார்வையாளர் எல்லாருக்கும் கமெண்டர் உரிமை மட்டும் கொடுங்கள். பிழை உள்ள இடத்தைத் தேர்ந்து அங்கேயே குறிப்பு எழுதலாம். அது பழகாத பெரியவர்களுக்கு ஒரு எளிய வடிவம் சொல்லிக்கொடுங்கள்: பக்கம், மேலிருந்து எத்தனையாவது வரி, இப்போது இருப்பது, இருக்க வேண்டியது. இந்த நான்கும் இல்லாத திருத்தத்தை ஏற்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். குரல் பதிவுகளை ஒருவர் கேட்டு அதே வடிவத்தில் ஷீட்டில் ஏற்றட்டும். பக்கம் போடுகிறவர் ஷீட்டை மட்டும் பார்த்தால் போதும்.

மெய்ப்பு மூன்று சுற்று. முதல் சுற்றில் முழுவதும் வாசிக்க வேண்டும், முடிந்தால் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க மற்றவர் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வீடியோ அழைப்பிலேயே இதைச் செய்யலாம். இரண்டாம் சுற்றில் திருத்திய இடமும் அந்தப் பத்தியின் கடைசி வரி வரையும். ஒரு சொல் மாறினால் கீழே எல்லா வரியும் நகரும், பத்தியின் ஒற்றை வரி அடுத்த பக்கத்துக்குத் தாவும். மூன்றாம் சுற்றில் எழுத்தைப் பார்க்கவே கூடாது. பக்க எண், மேல்தலைப்பு, பொருளடக்கம், படத்தின் கீழ்க்குறிப்பு மட்டும். ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி போன்ற இணையத் திருத்திகள் கைகொடுக்கும். அவற்றைப் பூட்டுவதற்கு முன்பே, டாக்ஸ் நிலையில் ஓட்டிவிட வேண்டும்.

பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்துத் திருத்தி அனுப்புகிறவர்களைத் தடுத்துவிடுங்கள். பிடிஎஃபில் இருப்பது எழுத்தின் வடிவம். நகலெடுக்கும்போது கொம்பு முன்னால் போகும், சில எழுத்து விழுந்தே போகும்.

புதுப் பத்தி சேர்க்கச் சொல்லி இந்தக் கட்டத்தில் யாராவது வருவார்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம், 96 பக்கம் ஆறு ஃபாரம். 97ஆவது பக்கம் வந்தால் அச்சகம் இன்னொரு முழுத்தாளோ அரைத்தாளோ ஓட்ட வேண்டும். அந்தக் கணக்கை அவரிடம் சொல்லி, அதே பக்கத்தில் எதை எடுத்துவிடலாம் என்று அவரையே கேளுங்கள்.

அச்சாகி முடிந்த பிறகு எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்?
வாசகர், களக்காடு

இன்டிசைன் என்றால் 'ஃபைல்' பட்டியலில் 'பேக்கேஜ்' கொடுங்கள். பக்கக் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள், பழைய பதிப்பிலும் திறக்கிற ஐடிஎம்எல், பிடிஎஃப் எல்லாம் ஒரே கோப்புறையில் சேரும். அடோபி கணக்கு வழியாக வந்த எழுத்துருக்கள் மட்டும் சேராது, அவற்றின் பெயரைக் குறித்து வையுங்கள். மெய்ப்பில் செய்த திருத்தங்கள் பக்கக் கோப்பில் மட்டும் இருக்கும், டாக்ஸ் பிரதியில் இராது. ஆகவே பக்கக் கோப்பிலிருந்து கட்டுரைகளை ஆர்டிஎஃப் ஆக எடுத்து, டிரைவில் 'அச்சில் வந்தது' என்ற பெயரில் போட்டுவிடுங்கள். டிரைவ் கோப்புறையின் உரிமையாளர் ஒருவராக மட்டும் இல்லாமல், குழுவில் இன்னொருவர் கணக்கிலும், ஒரு பென்டிரைவிலும் முழுப் படி இருக்கட்டும்.